ஒலித் தெளிவு: ஐந்துக்கு மூன்று

கடைசி வகுப்புக்கு வந்தது இருபத்தாறில் பத்தொன்பது பேர்.
மீதிப் பேர் பவானியில் யாரோ கல்யாணத்துக்கு.
புரொஜெக்டர் இன்றைக்கும் எல்லா முகத்தையும்
மஞ்சள் காமாலையாகத்தான் காட்டியது.
"சித்தெ தட்டுங்க மேடம், சரியாயிரும்" என்றான் நாகார்ஜுன்.
தட்டினேன். ஆகவில்லை.

பாடத்தின் பெயர்
கற்பித்தலில் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு.
கால அட்டவணையில் அது கொள்ளாமல்
கம்ப்யூட்டர் என்று மட்டும் இருந்தது.
முதல் மாதம் கடவுச்சொல் மறந்தோம்.
இரண்டாம் மாதம் அதை நோட்டின் பின்னட்டையில் எழுதி
நோட்டைத் தொலைத்தோம்.

நம்பியூர்ப் பக்கம் பயிற்சிக்குப் போன தண்டபாணி
திறன்பலகைக்குப் போர்த்திய பூப்போட்ட துணியை
படமெடுத்து அனுப்பினான்.
சாவி தலைமையாசிரியரிடம்,
அவர் கூட்டத்தில்,
கூட்டம் ஈரோட்டில்.
அன்று அவன் நிழலை நடத்தியது
செல்போன் டார்ச்சும் ஓர் எவர்சில்வர் டம்ளரும் வைத்து.
டம்ளரைத் தொழில்நுட்பத்தில் சேர்க்க
மதிப்பீட்டுத் தாளில் கட்டமில்லை.
சேர்த்துக்கொண்டேன்.

ஜெகதீஸ்வரிக்கு அப்படிச் செய்யவில்லை.

குமாரபாளையத்திலேயே வீடு, கல்லூரிக்குப் பின்தெரு,
வீட்டுக்குள் நாலு விசைத்தறி.
பின்னம் பற்றி ஏழு நிமிடக் காணொளி.
அரையும் காலும் அரைக்காலும் அவள் குரலில்,
குரலுக்கு அடியில் டடக் டடக் டடக்.
"மாசாந்திரக் கரண்ட் கட் அன்னிக்கி எடுக்கலாம்னு
பாத்தேனுங்க மேடம்.
அன்னிக்கிப் பாத்து போன்ல சார்ஜ் இல்லீங்க."
ஒலித் தெளிவுக்கு ஐந்துக்கு மூன்று போட்டேன்.
கூடவே சிவப்பில் ஒரு குறிப்பு:
பின்னணி இரைச்சல் தவிர்க்கவும்.

இன்றைக்கு இன்னொரு துண்டு போட்டுக் காட்டினாள்.
மார்க்குக்கு இல்லை, சும்மா.
அவள் பயிற்சிக்குப் போன பள்ளி, ஆறாம் வகுப்பு,
அதே பாடம் ஒரு பழைய ஸ்பீக்கரில் ஓடுகிறது.
மூன்றாம் பெஞ்சுப் பையன்
தறியோடு சேர்ந்து மேசையில் தட்டுகிறான்.
அவன் நாலு தட்டுக்கு
பக்கத்துப் பெண் ஒரு தட்டு.
"டீச்சர், நா காலுங்க."
பாடம் இன்னும் அரையில்தான் நிற்கிறது,
காலுக்கு வரவே இல்லை.
பின்னாலிருந்து ஒருவன்,
"இது எங்க தறி இல்ல. எங்குளுது இன்னும் வேகமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் அந்தச் சிரிப்பிலேயே லேப்டாப்பைத் திறந்து
அந்த மூன்றைத் தேடிப் போனேன்.
மதிப்பெண் பதிவு நேற்று மாலை ஐந்து மணியுடன் நிறைவுற்றது,
தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.
ஆபீசுக்குப் போன் போட்டால்,
"பூட்டுனா பூட்டுனதுதானுங்க மேடம்.
மனு குடுங்க, பாக்கலாம்."

"வுடுங்க மேடம், ரெண்டு மார்க்குதானுங்களே"
என்றாள் ஜெகதீஸ்வரி.
அவளுக்கு ஐந்தில் இரண்டு.
எனக்கு எத்தனையில் எத்தனை என்று தெரியவில்லை.

சம்பூர்ணம் நாலு தேங்காய் பன் வாங்கி வந்திருந்தாள்.
பத்தொன்பதும் நானும் இருபது.
அடி ஸ்கேலால் ஒவ்வொன்றையும் ஐந்தாக அறுத்தாள்,
ஒரு துண்டில் மட்டும் செர்ரி.
முப்பதாம் தேதிக்குள் எல்லாவற்றையும்
இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கை மூடிவிடுவார்கள்
என்று இரண்டு தடவை சொன்னேன்.
நாகார்ஜுன் பென்டிரைவைத் தூக்கிக் காட்டினான்,
வாயில் பன்.

ராத்திரி, ஆற்றுக்கு இந்தப் பக்கம், பவானி.
மனு கையால்தான் எழுத வேண்டுமாம், நீல மையில்.
திருத்தம் கோரும் காரணம் என்ற இடத்தில்
ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
நான் சரியாகக் கேட்கவில்லை
என்று எழுதினேன்.
இரண்டு பிரதி வேண்டும் என்று
கீழே பொடி எழுத்தில் இருந்தது.
மறுபடியும் எழுதுகிறேன்.